வெள்ளாமைத் தண்ணீரில் மின்சாரம்: குளத்து மட்டத்தை நடத்தும் முறை

அக்காவின் மகனுக்கு நீர்ப்பாசன வேலை கிடைத்திருக்கிறது. போன கிழமை அன்னமலைக்கு வந்தவன், விறாந்தையில் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு கேட்டான்: “மாமா, வெள்ளாமைக்கும் தண்ணி குடுக்க வேணும், கரண்டும் எடுக்க வேணும், மாரியில வெள்ளமும் வரப்படாது. ஒரு குளத்த வெச்சு இந்த மூண்டையும் எப்பிடிச் செய்யிறது?”

அன்று பின்னேரம் முழுக்க அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் வாய்க்காலிலும் குளக்கட்டிலும் வேலை பார்த்தவன் நான். அப்பா வட்டை விதானையாக, அதாவது வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளியின் தண்ணீர் முறையைப் பார்ப்பவராக, இருந்தவர். எங்கள் வயல் கல்லோயா இடதுகரை வாய்க்காலின் கடைசிப் பக்கம். குளத்தில் ஒரு பிழை நடந்தால் அது முதலில் தெரிவது எங்கள் வரம்பில்தான். ஆகவே இதைக் குளக்கட்டில் நின்று பார்த்தவனாகவும் சொல்கிறேன், கடைசி வயலில் நின்று வாய்க்காலை எட்டிப் பார்த்தவனாகவும் சொல்கிறேன்.

எங்கள் குளம் என்றால் இங்கினியாகலையில் உள்ள சேனநாயக்க சமுத்திரம். பட்டிப்பளை ஆறு என்று எங்கள் பெரியவர்கள் சொல்லும் கல்லோயாவை மறித்து, 1949 இல் தொடங்கிக் கட்டியது. நிறைந்தால் ஏழரை இலட்சம் ஏக்கர் அடிக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். ஏக்கர் அடி என்பது ஒரு ஏக்கரில் ஒரு அடி ஆழத்துக்கு நிற்கும் தண்ணீர். அணையின் அடியில் ஒரு மின்நிலையம் இருக்கிறது. 11 மெகாவாட் சொச்சம். மகாவலியில் உள்ள விக்டோரியா மின்நிலையத்தின் 210 மெகாவாட்டோடு பார்த்தால் சின்னதுதான். ஆனால் வேலை செய்யும் விதம் வேறு. அங்கே மலையில் மின்சாரத்துக்கென்று தண்ணீரை விட்டு, அது கீழே வந்த பிறகு வயலுக்குத் திருப்புவார்கள். இங்கே வயலுக்கென்று திறக்கும் தண்ணீர், போகிற வழியில் மின்சாரம் எடுக்கும் சக்கரமான டர்பைனைச் சுற்றிவிட்டுப் போகிறது. தண்ணீரின் சொந்தக்காரன் வெள்ளாமை. மின்சாரம் அதே தண்ணீரில் கிடைக்கும் இரண்டாவது விளைச்சல்.

இதைப் பிடித்துக்கொண்டால் மற்றது எல்லாம் வரிசையாக வரும். இப்படிப்பட்ட குளத்தில் மின்சாரம் அதிகமாக வேண்டும் என்றால் கதவை அதிகமாகத் திறக்கக் கூடாது. மட்டத்தை உயர்த்தி வைத்திருக்க வேண்டும். ஏன் என்பதைக் கணக்கோடு கீழே காட்டுகிறேன்.

மட்டத்தை வாசிப்பது

முதல் வேலை, அளவுப் பலகையை ஒழுங்காக வாசிப்பது. இது சின்னப் பிள்ளை வேலை என்று நினைக்காதீர்கள். ஒரு போகமே இதில் தங்கியிருக்கிறது.

வைகாசி தொடங்கினால் எங்கள் பக்கம் கச்சான் அடிக்கும். மேற்கிலிருந்து வரும் காய்ந்த காற்று. சேனநாயக்க சமுத்திரத்தில் அணை கிழக்குப் பக்கம் இருக்கிறது. பத்து மணிக்குப் பிறகு கச்சான் ஏறினால் குளத்துத் தண்ணீரை அணைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வரும். அலையும் சேர்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் பலகையைப் பார்த்தால் இல்லாத தண்ணீரை இருக்கிறது என்று எழுதுவீர்கள்.

ஆகவே காலை 6 மணிக்கு, காற்று எழும்ப முன்னர் வாசிக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் அதே நேரம், அதே ஆள் என்றால் இன்னும் நல்லது. பலகைக்கு நேரே, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்கு எவ்வளவு பதிக்க முடியுமோ அவ்வளவு பதித்து, அலையின் உச்சியையும் பள்ளத்தையும் ஐந்து தடவை பார்த்து, நடுவை எடுக்க வேண்டும். உச்சி மட்டும் கண்ணில் படும், ஏனென்றால் பலகையின் நனைந்த கோடு உச்சியில்தான் நிற்கும். அந்தக் கோட்டை நம்பக் கூடாது.

அலை ஓயாத இடமாக இருந்தால் ஒரு பிவிசி குழாயை நிறுத்தி, அடியை மூடி, சுண்டு விரல் நுனி போகும் அளவுக்கு ஒரேயொரு ஓட்டை போட்டுவிடுங்கள். வெளியே அலை எவ்வளவு அடித்தாலும் குழாய்க்குள் தண்ணீர் அமைதியாக நிற்கும். அதற்குள் அளவுகோலை விட்டுப் பாருங்கள். மாதத்துக்கு ஒருமுறை ஓட்டையைக் குத்தி விட வேண்டும், பாசி அடைத்துவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேறொரு சின்னக் குளத்தில் இருந்தேன். நிறைந்தால் ஆயிரம் ஏக்கர் பரப்பு. காலையில் வாய்க்கால் வேலை என்று சொல்லி, பின்னேரம் 3 மணிக்குப் போய் மட்டம் எடுத்தேன். கச்சான் காலம். நாளாந்தம் 3 அங்குலம் கூட எழுதியிருக்கிறேன். ஆயிரம் ஏக்கரில் 3 அங்குலம் என்றால் 250 ஏக்கர் அடி. ஒரு போகத்துக்கு ஏக்கருக்கு 5 ஏக்கர் அடி என்று பிடித்தால் 50 ஏக்கர் வெள்ளாமையின் தண்ணீர். நான் எழுதிய கணக்கை நம்பி அந்த 50 ஏக்கரும் விதைக்கப்பட்டது. கதிர் உள்ளே திரளும் குடலைப் பருவத்தில் தண்ணீர் போய்ச் சேரவில்லை. கதிர் பாதி வெளியே வந்து அப்படியே நின்றதை நான் போய்ப் பார்த்தேன். நெல்லைப் பிடுங்கி என் கையில் வைத்த அந்த வயற்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை காலை 6 மணிக்குக் குளக்கட்டில் நிற்காத நாள் இல்லை.

அடியைத் தண்ணீராக மாற்றுவது

பலகையில் தெரிவது உயரம் மட்டும்தான். உயரம் செலவாகாது, தண்ணீர்தான் செலவாகும். ஒவ்வொரு குளத்துக்கும் இன்ன மட்டத்தில் இன்ன பரப்பு, இன்ன கொள்ளளவு என்று ஒரு அட்டவணை இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, உங்கள் சீஆர் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

குளம் ஒரு வாளி மாதிரி இல்லை, சட்டி மாதிரி. மேலே அகலம், கீழே ஒடுக்கம். சேனநாயக்க சமுத்திரம் நிறைந்திருக்கும்போது ஏறக்குறைய 30 சதுர மைல், அதாவது 19,000 ஏக்கருக்குக் கிட்டப் பரந்து கிடக்கும். அந்த மட்டத்தில் ஒரு அடி குறைந்தால் 19,000 ஏக்கர் அடி போயிருக்கிறது. புரட்டாதியில் குளம் வற்றி, தீவுகளில் புல் முளைத்து, யானைகள் கூட்டமாக இறங்கி மேயும் காலத்தில் அதே ஒரு அடிக்கு அதில் பாதித் தண்ணீர்கூட இருக்காது. “போன வருசமும் இதே மாசம் ஒரு அடிதான் இறங்கிச்சு” என்று ஒருவர் சொன்னால், எந்த அடி என்று கேளுங்கள்.

மட்டமும் மின்சாரமும்

கொப்பியில் எழுதிக்கொள்ள ஒரு சின்ன வாய்ப்பாடு. டர்பைன் வழியாகப் போகும் தண்ணீரைக் கியூசெக்கில், அதாவது செக்கனுக்கு எத்தனை கன அடி என்று, எடுங்கள். குளத்து மட்டத்துக்கும் மின்நிலையத்துக்குக் கீழே தண்ணீர் வெளியேறும் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அடியில் எடுங்கள். இரண்டையும் பெருக்கி 14 ஆல் பிரித்தால் கிலோவாட் வரும். இயந்திரங்கள் 85 சதவீதத் திறனில் ஓடுகின்றன என்று வைத்துத்தான் அந்த 14. பழைய இயந்திரம் என்றால் கொஞ்சம் குறையும்.

இப்போது ஒரு உதாரணம். 1,000 கியூசெக் தண்ணீர், 90 அடி வித்தியாசம். 6,400 கிலோவாட் கிடைக்கும். அதே 1,000 கியூசெக், வித்தியாசம் 60 அடி என்றால் 4,300 தான். வயலுக்குப் போன தண்ணீர் ஒன்றுதான். மின்சாரம் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

வேறு விதமாகச் சொன்னால், 90 அடியில் ஒரு ஏக்கர் அடித் தண்ணீர் 78 அலகு (கிலோவாட் மணி) மின்சாரம் தரும். சின்ன வீடொன்றின் ஒரு மாதப் பாவனை அது. 60 அடியில் 52 அலகு. ஆகவே சித்திரையில் “தண்ணிதான் நிறைய இருக்கே, கொஞ்சம் கூட விட்டுக் கரண்ட் எடுப்பம்” என்று யாராவது சொன்னால், அன்றைக்குக் கணக்கு இலாபமாகத்தான் தெரியும். ஆனால் அந்த வருடம் மிச்சமிருக்கும் ஒவ்வொரு ஏக்கர் அடியும் குறைந்த உயரத்திலிருந்துதான் விழும். வயலுக்கும் அவ்வளவு குறையும்.

மட்டம் மிகவும் இறங்கினால் இன்னொரு பிரச்சினை. தண்ணீரை உள்வாங்கும் வாய்க்கு மேலே போதிய ஆழம் இல்லாவிட்டால் சுழி விழும். சுழியோடு காற்று உள்ளே போகும். இயந்திரம் அதிரத் தொடங்கும். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர் மறக்க மாட்டார், குழாய்க்குள் கல்லைப் போட்டு உருட்டியது போல இருக்கும். இயக்கக்கூடிய மிகக் குறைந்த மட்டம் எது என்று ஒவ்வொரு நிலையத்துக்கும் விதித்திருப்பார்கள். அதற்குக் கீழே போனால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, வயலுக்கு வேண்டியதை வேறு வழியால் விட வேண்டியதுதான்.

பின்னாலிருந்து முன்னுக்கு எண்ணுவது

ரூல் கேர்வ் என்றால் என்ன என்றும் மருமகன் அன்று கேட்டான். அது இதுதான். வருடத்தின் ஒவ்வொரு மாத முடிவிலும் மட்டம் எங்கே நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே கீறி வைத்த கோடு. பெரிய பெரிய கணனி வைத்தும் கீறலாம், ஒரு கொப்பித் தாளிலும் கீறலாம். கீறும் முறைதான் முக்கியம். இன்றைய மட்டத்திலிருந்து தொடங்கக் கூடாது. ஐப்பசியிலிருந்து பின்னுக்கு வர வேண்டும்.

எங்கள் பக்கத்து மழை மாரி மழை. கார்த்திகை, மார்கழி, தை. அதுதான் குளத்தை நிரப்பும். சித்திரையிலிருந்து புரட்டாதி வரை வருவதை நம்பிக் கணக்குப் போட முடியாது. அதே காலத்தில்தான் வெயில்கால வெள்ளாமையான சிறுபோகம். ஆகவே தண்ணீர் மிகவும் குறைந்து நிற்கும் நாள் ஐப்பசியில் வரும். மாரிகால வெள்ளாமையான பெரும்போகத்துக்கு மண் நனைக்கும் நாளும் அதுதான். மழை இரண்டு கிழமை பிந்தினால் அந்த நேரத்தில் குளத்தில் தண்ணீர் இருக்க வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு காட்டுகிறேன். எண்கள் விளங்குவதற்காக நான் வைத்தவை. சித்திரை முதலாம் திகதி குளத்தில் 4 இலட்சம் ஏக்கர் அடி இருக்கிறது என்று வையுங்கள். ஐப்பசி நடுவில் 1 இலட்சத்து 20 ஆயிரம் மிஞ்ச வேண்டும்: எடுக்க முடியாத அடித்தண்ணீர், பெரும்போகத் தொடக்கத்துக்கு, அம்பாறையிலிருந்து கரையோரம் வரை குடிக்க எடுக்கும் தண்ணீருக்கு. கச்சான் காலத்தில் ஆவியாகப் போவது நாளுக்கு 5, 6 மில்லிமீட்டர். மாதத்தில் அரை அடிக்கு மேல். சராசரி 14,000 ஏக்கர் பரப்பு என்றால் ஆறு மாதத்தில் கசிவும் சேர்த்து 50,000. கழித்தால் மிச்சம் 2 இலட்சத்து 30 ஆயிரம். ஏக்கருக்கு 5 என்றால் 46,000 ஏக்கர் விதைக்கலாம். அதற்கு மேல் ஒரு ஏக்கருக்கும் சொல்லக் கூடாது.

அதே 2 இலட்சத்து 30 ஆயிரமும் சராசரி 75 அடி உயரத்திலிருந்து டர்பைன் வழியாகப் போனால் ஏறக்குறைய 1 கோடி 50 இலட்சம் அலகு மின்சாரம். அந்தச் சராசரியை ஒரு அடி உயர்த்தி வைத்திருந்தால் மேலதிகமாக 2 இலட்சம் அலகு. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மேலதிகமாகத் திறக்காமல்!

ஒரு அடியை எங்கே மிச்சம் பிடிப்பது? நிலம் பண்படுத்தும் நாட்களில். வெள்ளாமையில் தண்ணீரை அதிகம் குடிப்பது உழவும் மிதிப்பும்தான். ஒரு வட்டையில் ஒருவர் இன்று உழுது, அடுத்தவர் மூன்று கிழமை கழித்து உழுதால், அந்த மூன்று கிழமையும் வாய்க்கால் நிறைந்து ஓட வேண்டியிருக்கும். எல்லோரும் 15 நாளில் உழுது முடித்தால் அந்தத் தண்ணீர் குளத்திலேயே நிற்கும். இதைப் போகம் தொடங்க முன் கமக்காரரோடு நடக்கும் ஆரம்பக் கூட்டத்திலேயே திகதியாகப் போட்டு, எழுத்தில் எடுத்துவிட வேண்டும். உழவு மெசின் எத்தனை இருக்கிறது என்று வட்டை வட்டையாகக் கேட்டு எழுதிக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள். மெசின் இல்லாமல் திகதி போட்டால் அந்தத் திகதி நிற்காது.

கிழமைக்கு ஒரு தடவை, வெள்ளிக்கிழமை என்று வையுங்கள், உண்மையான மட்டத்தைக் கோட்டோடு ஒப்பிடுங்கள். கோட்டுக்குக் கீழே ஒரு அடி என்றால் அன்றே சொல்லுங்கள், வாய்க்கால்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கும் முறைத் தண்ணீரை இறுக்குங்கள். பால் பிடிக்கும் பருவத்தில் போய்ச் சொன்னால் கேட்பவருக்குச் செய்ய ஒன்றும் இருக்காது.

நாளாந்தத் திறப்பு

வயலுக்கு முறை வைத்துத்தான் தண்ணீர் கொடுக்கிறோம். ஐந்து நாள் இந்த வாய்க்கால், ஐந்து நாள் அந்த வாய்க்கால். டர்பைனுக்கோ நாளாந்தம் ஒரே அளவு ஓடினால்தான் நல்லது. இரண்டும் முரண் போலத் தெரியும். முறையைக் கிளை வாய்க்கால்களுக்குள் மாற்றி மாற்றி வைத்து, தலைவாய்க்காலின் மொத்தத்தை ஒரே அளவில் வைத்தால் முரண் தீர்ந்துவிடும். அட்டவணை போடும்போது ஒவ்வொரு நாளின் மொத்தத்தையும் ஓரத்தில் கூட்டி எழுதுங்கள். மொத்தம் ஏறி இறங்கினால் முறையைத் திருப்பி அடுக்குங்கள்.

அடுத்தது பிந்தும் நேரம். கதவில் திறந்த தண்ணீர் எங்கள் அன்னமலைப் பக்கம் வர ஒன்றரை நாளாவது எடுக்கும். இன்று மத்தியானம் நல்ல மழை, கதவை மூடிவிட்டோம் என்று நினைத்தால், வாய்க்காலுக்குள் இருக்கும் தண்ணீர் நாளை மறுநாள் வரை வந்துகொண்டே இருக்கும். அது வடிச்சலில் விழுந்து ஒருவருக்கும் பயன்படாமல் போகும். உங்கள் வாய்க்காலுக்கு எத்தனை மணித்தியாலம் என்று நீங்களே ஒருமுறை அளந்து பாருங்கள். கதவு திறக்கும் நேரத்தைக் குறித்து, வழியில் நாலு மதகில் நாலு பேரை நிறுத்தி, தண்ணீர் ஏறத் தொடங்கும் நேரத்தைத் தொலைபேசியில் சொல்லச் சொல்லுங்கள். ஒரு நாள் வேலை. வருடக்கணக்கில் உதவும்.

மின்சாரத்துக்குத் தேவை கூடுவது மாலை ஆறரையிலிருந்து பத்தரை வரை. அந்த நாலு மணித்தியாலத்துக்கு இயந்திரங்களைக் கூட ஓட்ட வேண்டும் என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அந்தத் தண்ணீர் ஒரு அலையாகப் புறப்பட்டு, ஏதோ ஒரு வட்டைக்கு நடு இரவில் போய்ச் சேரும். இரவுத் தண்ணீரை ஆள் நின்று திருப்பாவிட்டால் வரம்பை உடைத்துக்கொண்டு வடிச்சலுக்குப் போய்விடும். யானைப் பயத்தில் இரவில் வயலுக்கு யார் போவது? ஆகவே மாலையில் கூட்டினால், இடையில் உள்ள சின்னக் குளங்களில் அதைத் தேக்கிவைத்துக் காலையில் விட வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் கூட்டலாம். இல்லாவிட்டால் கூட்டக் கூடாது என்பதே என் முடிவு. ஆற்றுப் பக்கம் திடீரெனக் கூட்டுவதும் ஆபத்து. குளிக்கிறவர், மாடு சாய்க்கிறவர் இருப்பார்கள். படிப்படியாகக் கூட்ட வேண்டும்.

மாரியில்

சேனநாயக்க சமுத்திரம் நிரம்பி வான் பாய்வது, அதாவது மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடுவது, அபூர்வம். ஆற்று வரத்தைவிடக் குளம் பெரிது. பல வருடங்கள் நிறையாமலே போகும். ஆனால் அபூர்வமாக வரும் அந்த மார்கழிக்குத்தான் முழுக் கவனமும் தேவை. 1957 வெள்ளத்தைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் வந்ததைக் கண்ணால் பார்த்தேன், மட்டக்களப்பும் அம்பாறையும் தண்ணீருக்குள் கிடந்தன.

கணக்கு இப்படி. குளத்துக்குத் தண்ணீர் வடியும் பிரதேசம் ஏறக்குறைய 380 சதுர மைல். அதன் மேல் ஒரு அங்குல மழை பெய்தால் 20,000 ஏக்கர் அடி. காய்ந்த மண்ணில் பெரும்பகுதி ஊறிவிடும். நிலம் முழுக்க ஊறிய பிறகு பாதிக்கு மேல், 12,000 என்று வையுங்கள், ஓடி வந்துவிடும். நிறையும் தறுவாயில் உள்ள குளத்தை அது ஏழரை அங்குலம் உயர்த்தும். அதாவது மழை ஒரு அங்குலம், குளம் ஏழரை அங்குலம். இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஐந்து அங்குல மழைக்கு மூன்று அடி.

கதவுப் பக்கம் 3,000 கியூசெக் ஒரு நாள் முழுக்க விட்டால் 6,000 ஏக்கர் அடி போகும். குளம் 4 அங்குலம் கூட இறங்காது. ஆகவே கடைசி நேரத்தில் திறந்து குளத்தை இறக்க முடியாது. இரண்டு நாள் முன்பே சிறிதாகத் திறக்க வேண்டும். பிபிலைப் பக்கம், மடுல்சீமை மலைப்பக்கம் மழை எப்படி என்று காலையும் மாலையும் கேளுங்கள். எங்கள் தலைக்கு மேல் வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போதே அங்கே பெய்யும் மழை குளத்துக்கு வந்துகொண்டிருக்கும்.

நிறைமட்டத்துக்கு ஒன்றிரண்டு அடி குறைவாகத் தை முடியும் வரை வைத்திருக்கச் சொல்வேன். மின்சாரக்காரருக்கு இது கசக்கும். இப்போதுதானே உயரம் வேண்டும் என்று சொன்னீர்கள் என்பார்கள். உண்மைதான். ஆனால் வான் வழியாகப் பாயும் தண்ணீர் டர்பைனைத் தொடாது. முதலில் டர்பைன்கள் முழு அளவில் ஓடட்டும். அதற்கு மேல் உள்ளதை மட்டும் வானால் விடுங்கள். அந்த ஒன்றிரண்டு அடியைப் பெப்ரவரிக் கடைசி மழையில் பிடித்துக்கொள்ள முயலலாம். கிடைக்காமலும் போகும். அந்த நட்டத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். இந்தப் பக்கம் உள்ளது அலகு. அந்தப் பக்கம் ஆட்கள்.

ஆட்கள் என்று சொன்னது சும்மா இல்லை. கதவு திறந்தால், தண்ணீரைக் கடக்கும் தாழ்ந்த பாதையான கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் ஓடும். கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் இடையில் போய்வருகிற பிள்ளைகள், ஆசிரியர்கள், நோயாளிகள் அந்த வழியால்தான் போக வேண்டும். மாவடிப்பள்ளிப் பக்கமும் அப்படித்தான். களியோடை ஆறு பெருகும். கடலுக்குப் போகும் வாய்களை மணல் மூடியிருந்தால் தண்ணீர் வயலுக்குள் திரும்பும், ஆகவே முகத்துவாரம் வெட்டியாயிற்றா என்று கேட்காமல் பெரிய அளவில் திறக்கக் கூடாது.

ஒரு மார்கழி இரவு. எங்கள் பக்கத்துக்குத் தகவல் அனுப்ப வேண்டிய கந்தோர் ஒன்றிலிருந்து, கதவு திறந்து வெகுநேரம் கழித்துத்தான் சொன்னார்கள். வட்டையில் காவலுக்குப் படுத்திருந்த இரண்டு பேர் வாடியை விட்டு மருத மரத்தில் ஏறி விடியும் வரை இருந்தார்கள். காலையில் தோணி கொண்டுபோய் இறக்கியவர்களில் நானும் ஒருவன். குளிரில் ஒருவருக்குக் கொப்பிலிருந்து கை எடுபடவில்லை, விரல் விரலாகப் பிரித்துத்தான் எடுத்தோம்.

அதற்குப் பிறகு நானே ஒரு பட்டியல் வைத்திருந்தேன். கிராம சேவகர்கள், கமக்கார அமைப்புத் தலைவர்கள், கோயில் வண்ணக்கர்கள், பள்ளிவாசல் தலைவர்கள், தோணிக்காரர், உழவு மெசின் சாரதிகள். திறக்க 6 மணித்தியாலம் முன்பு ஒருமுறை, திறக்கும்போது ஒருமுறை அழைப்பேன். ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்வேன். “எத்தனை அங்குலம் திறக்கிறார்கள்” என்று சொல்வதால் பயனில்லை. “நாளை காலை பத்து மணிக்குக் கிட்டங்கியில் முழங்கால் அளவு ஏறும்” என்று சொன்னால்தான் ஆட்களுக்கு விளங்கும்.

கட்டும் கம்பி வலையும்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் விட்டுவிட முடியாது. மண் அணையில் மட்டத்தை ஒரேயடியாக இறக்கக் கூடாது. கட்டுக்குள் ஊறிய தண்ணீர் வெளியே வர நேரம் வேண்டும். விரைவாக இறக்கினால் உள்பக்கச் சரிவு வழுகி விழும். மட்டம் ஏறும் காலத்தில் கட்டின் வெளி அடிவாரத்தைக் காலையில் நடந்து பாருங்கள். கசிவு வருவது பிழையில்லை. தெளிந்த தண்ணீரா என்று ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். கலங்கி இருந்தால் கட்டின் மண் கரைந்து வருகிறது என்று அர்த்தம், அந்த நிமிடமே பொறியியலாளருக்குச் சொல்ல வேண்டும். டர்பைனுக்குப் போகும் வாயில் உள்ள கம்பி வலையில் ஆற்றுவாழை, சல்வீனியா, மரக்கொப்பு அடையும். வலைக்கு முன்னும் பின்னும் தண்ணீர் மட்டம் வித்தியாசப்பட்டால் துப்புரவாக்குங்கள். அங்கே இழக்கும் உயரமும் மின்சாரம்தான்.

கூட்டத்தில்

தண்ணீர் குறைந்த வருடத்தில் இந்தக் கணக்கெல்லாம் ஆட்களின் ஒப்புதல் இல்லாமல் நிற்காது. 1981 சிறுபோகத்தில் சேனநாயக்க சமுத்திரத்தில் கால்வாசி அளவுதான் தண்ணீர் இருந்தது. அப்போது கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இடதுகரையில் வாய்க்கால் வாய்க்காலாகக் கமக்காரர் குழுக்களை அமைக்கத் தொடங்கியிருந்தன. மேல்பக்கத்துக் கமக்காரர், பெரும்பாலும் சிங்களவர், வாய்க்காலைச் சிரமதானமாகத் துப்புரவாக்கி, முறை வைத்து, மிச்சம் பிடித்த தண்ணீரைக் கீழ்ப்பக்கத்துக்கு விட்டார்கள். கீழ்ப்பக்கத்தில் இருந்தது எங்கள் ஆட்கள். அந்தத் தண்ணீரைப் பற்றி அப்பா சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகவே கூட்டத்துக்குப் போகும்போது கணக்கை மறைக்காமல் கொண்டு போங்கள். குளத்தில் இவ்வளவு, ஆவிக்கு இவ்வளவு, குடிக்க இவ்வளவு, ஐப்பசிக்கு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு என்று கரும்பலகையில் எழுதுங்கள். மின்சாரத் தரப்பிலிருந்து வருபவரும் அதே பலகையைப் பார்க்கட்டும். இரண்டு தரப்புக்கும் இரண்டு கணக்கு இருக்கக் கூடாது. போன போகத்தில் போட்ட கணக்கையும், கடைசியில் நடந்ததையும் பக்கத்தில் எழுதுங்கள். எங்கே பிழைத்தது என்று ஆட்களே சொல்வார்கள், நான் கற்றதில் பாதி அப்படிக் கற்றது.

மருமகன் இப்போது ஒவ்வொரு நாளும் காலை ஆறே காலுக்கு மட்டத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். முந்தாநாள் ஒரு எண் அனுப்பினான். முதல் நாளைவிட 2 அங்குலம் கூட. கச்சான் காலம், மழையில்லை. “எத்தின மணிக்கு எடுத்த, மனே?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் வரவில்லை. பிறகு, “பத்தரைக்கு, மாமா. விடிய நித்திரையாப் போயிட்டன். நாளைக்கு விடியத் திருப்பி எடுக்கிறன்” என்று வந்தது. நேற்றுக் காலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குச் சரியான எண் வந்துவிட்டது. முந்தாநாள் எண்ணைக் கொப்பியில் அழிக்காமல், மேலால் ஒரு கோடு மட்டும் கீறி, பக்கத்தில் “கச்சான்” என்று எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.